திரும்பிப் போகும் குழாய்

நரிப்பாறை ஆலைக்கு மேலாளராக வந்து சேர்ந்தபோது வைத்தியலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இருந்தவர். அரைப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. வாசலில் நின்று மில்லின் சத்தத்தைக் கேட்டே உள்ளே குண்டுகள் குறைந்திருக்கின்றன என்று சொல்லிவிடுவார். நைசாக அரைத்தால் நல்ல சிமெண்ட். இருபத்திரண்டு வருடம் அவருக்குச் சோறு போட்ட பாடம் அதுதான்.

நரிப்பாறையில் எடுப்பது டங்ஸ்டன். மலையை வெட்டிக் கல்லைக் கொண்டுவந்து உடைப்பார்கள். உடைத்ததை இரும்புக் குண்டுகளோடு மில் என்ற பெரிய உருளைக்குள் போட்டு அரைப்பார்கள். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து, ஆடிக்கொண்டே இருக்கும் சாய்வான மேசைகளில் ஓடவிடுவார்கள். டங்ஸ்டன் இருப்பது ஷீலைட் என்ற தாதுவில். அதன் மணிகள் கனமானவை; மேசையின் ஒரு ஓரமாக ஒதுங்கி வரும். மற்ற மண் லேசானது. தண்ணீரோடு கழிவுக் குளத்துக்குப் போய்விடும்.

சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் கல்லில் நூறு பங்கு டங்ஸ்டன் இருந்தால் ஆலையின் கைக்கு வந்தது ஐம்பத்தாறு பங்கு. மற்றதெல்லாம் குளத்துக்கே போயிற்று.

வைத்தியலிங்கம் பொறுப்பேற்ற அன்றே டைரக்டர் போனில் சொன்னார். "ஒரு வருஷம் தர்றேன். எழுபதைத் தொடணும். தொடலேன்னா மூடிடுவோம்."

நூற்று முப்பது பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

வைத்தியலிங்கம் தயங்கவில்லை. கல் சரியாக அரைபடவில்லை, அதனால்தான் டங்ஸ்டன் மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்று முடிவு செய்தார். மில்லில் குண்டுகளைக் கூட்டி இன்னும் நைசாக அரைத்தார். ஐம்பத்தாறு ஐம்பத்து மூன்றாயிற்று. அரைத்தது போதவில்லை என்று மேலும் அரைத்தார். ஐம்பத்தொன்றாயிற்று. அப்படியானால் ஒரு மில் போதாது, இன்னொன்று வேண்டும் என்று எழுதினார். தலைமை அலுவலகம் சரி என்றது. இரண்டாவது மில்லுக்கு அடித்தளக் குழியும் தோண்டியாயிற்று.

மில் வந்து சேர ஐந்து மாதம் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாது. மேசைகளின் பக்கம் திரும்பினார்.

மேசைப் பிரிவில் பன்னிரண்டு மேசைகள், நான்கு பெண்கள். முதல் வரிசை மேசைகளைப் பார்த்துக்கொண்டவர் சின்னபாப்பா. பதினோரு வருடமாக அதே இடம். மேசையில் ஓடும் தண்ணீரில் ஷீலைட் ஒரு மெல்லிய வெளிர்க் கோடாகத் தெரியும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலோ சாய்வு கொஞ்சம் மாறினாலோ அந்தக் கோடு இடம் பெயரும். சின்னபாப்பா அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் கை மேசையைச் சரிசெய்யும் திருகைப் பிடித்திருக்கும்.

கழிவு அறிக்கையில் அவர் பெயருக்கு நேராகத்தான் எப்போதும் பெரிய எண் இருந்தது. வைத்தியலிங்கம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அது மூன்றாவது தடவை.

"சின்னபாப்பா, மறுபடி ஒரு தடவை ட்ரெயினிங் போய்ட்டு வாங்க."

"போன மாசம்தானேங்க சார் போய்ட்டு வந்தேன்?"

"ரிப்போர்ட்டைப் பாருங்க. உங்க மேசையிலதான் அதிகமாப் போகுது."

"எல்லாச் சரக்கும் முதல்ல என் மேசைக்குத்தானேங்க சார் வருது. அதிகமா எடுக்கறதும் அங்கதானே."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். போய்ட்டு வாங்க."

பயிற்சிக் கூடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நான்கு நாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று, மேசையின் பாகங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். கோடு எங்கே பிரிகிறது என்று சாக்பீஸால் குறி போட்டுக் காட்ட வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. சின்னபாப்பா போனார், எழுதினார், தேர்ச்சி பெற்றார், திரும்பி வந்து அதே மேசையில் நின்றார். முன்பு வேலைக்கு நடுவே பக்கத்து மேசைக்காரியோடு இரண்டு வார்த்தை பேசிச் சிரிப்பார். இந்தத் தடவை வந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு மாதம் தலைமை அலுவலகம் ஒரு நிபுணரை அனுப்பியது. பேருந்திலிருந்து இறங்கி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு நீளப் பெட்டியுமாக நடந்து வந்தார் பாக்கியசீலி. வயது முப்பத்தொன்பது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு தாது ஆய்வுக்கூடத்தில் மாதிரி மண்ணை மூட்டை கட்டும் வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து மேலே வந்தவர் என்று பின்னால் தெரிந்தது. மேசைப் பிரிவுப் பெண்கள் இரண்டாம் நாளே அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யார் அந்தப் பெயரை வைத்தது என்று தெரியவில்லை.

தன்னைவிடப் பதினைந்து வயது சிறியவர் ஒருவர் தன் ஆலையைப் பார்க்க வந்திருப்பது வைத்தியலிங்கத்துக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும் மரியாதையாக உட்கார வைத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். எவ்வளவு நைசா அரைக்கணும்? அந்த நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா மீதியை நான் பார்த்துக்குவேன்."

"டேபிள் எந்தப் பக்கம் சார்?" என்றார் பாக்கியசீலி.

மூன்று நாள் அவர் முதல் வரிசை மேசையருகே நின்றார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சின்னபாப்பா நகர்ந்தால் இவரும் நகர்வார். மூன்றாம் நாள் மாலை வைத்தியலிங்கம் பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"என்ன பார்த்தீங்க மேடம்?"

"அந்தம்மா கையைப் பார்த்தேன்."

"அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்ப மூணு நாளா எதுக்குப் பார்த்தீங்க?"

"நல்லா இருந்துச்சு, பார்த்தேன்."

வைத்தியலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், அஞ்சு மாசத்துல இந்த ஆலை இருக்குமா இருக்காதான்னு தெரியாது. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எவ்வளவு நைசா அரைக்கணும்?"

பாக்கியசீலி அவர் கண்களைப் பார்த்தார். அந்த மனிதர் தூங்கி நாளாகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்குக் காலைல மூணு தகரத் தட்டு வேணும் சார். நீங்களே கொண்டு வரணும். ஒண்ணுல, மில்லுக்குள்ள போறதுக்கு முன்னாடி உடைச்ச கல்லு. இன்னொண்ணுல, குளத்துக்குப் போற தண்ணி. மூணாவதுல, மில்லுக்குத் திரும்பிப் போற குழாய்ல இருந்து ஒரு கை. மூணையும் வெயில்ல காய வைங்க."

"ஆள் விட்டுக் கொண்டு வரச் சொல்றேன்."

"நீங்க கொண்டு வாங்க."

மறுநாள் வைத்தியலிங்கம் பேண்ட்டை முழங்கால்வரை மடித்து விட்டுக்கொண்டு குளத்துக் குழாயில் தட்டைப் பிடித்தார். ஆலையில் அவர் கை நனைந்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு உடைத்த கல்லை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டார். மூன்றாவது தட்டுக்கு மில் மேடையில் ஏற வேண்டியிருந்தது.

அந்த மேடையில் கூம்பு வடிவத்தில் ஒரு கருவி உண்டு. சைக்ளோன் என்பார்கள். மில்லில் அரைபட்டு வருவதை அது சுழற்றிப் பிரிக்கும். நைசானதை மேலே மேசைகளுக்கு அனுப்பும். பெரிசாக இருப்பதைக் கீழே ஒரு குழாய் வழியாக மறுபடி அரைக்கச் சொல்லி மில்லுக்கே திருப்பி அனுப்பும். எந்த மில்லிலும் அப்படித்தான். சிமெண்ட் ஆலையிலும் பிரித்துத் திருப்பி அனுப்பும் கருவி உண்டு. அந்தத் திரும்பிப் போகும் குழாயை வைத்தியலிங்கம் ஆயிரம் தடவை கடந்து போயிருக்கிறார். நின்று பார்த்ததில்லை.

பத்தரை மணிக்குள் மூன்றும் காய்ந்துவிட்டன. பாக்கியசீலி பண்டக அறையின் சன்னலை அடைத்து, ஒரு மேசைக்கு மேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்தினார். நீளப் பெட்டியிலிருந்து ஒரு புற ஊதா விளக்கை எடுத்தார். வைத்தியலிங்கத்துக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

"இந்த வெளிச்சம் பட்டா ஷீலைட் மட்டும் ஒளிரும் சார். இங்க இருக்கிற வேற எந்த மண்ணும் இப்படி ஒளிராது. உள்ள வாங்க."

ஐம்பத்து நான்கு வயதுக்காரர் குனிந்து கம்பளிக்குள் தலையை நுழைத்தார்.

முதல் தட்டில் உடைத்த கல். இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல வெள்ளைப் புள்ளிகள் ஒளிர்ந்தன. பாதிப் புள்ளிகள் கல்லின் உடம்பில் புதைந்திருந்தன.

இரண்டாவது தட்டு, குளத்துக்குப் போகும் கழிவு. அதில் புள்ளியே இல்லை. ஆனால் தட்டு முழுவதும் லேசான நீலம் பூத்திருந்தது. பவுடர் அப்பிய மாதிரி.

"இது என்ன?" என்றார் வைத்தியலிங்கம்.

"ஷீலைட்தான்."

"மணியே தெரியலையே?"

"மணி இல்ல சார் இப்போ. மாவு. இது சாதாரணமாவே பொலபொலன்னு உடையற சாதி. குண்டு ரெண்டு தடவை பட்டாலே தூளாயிடும். இவ்வளவு நைசாப் போச்சுன்னா அதுக்குக் கனம் இருந்தும் பிரயோஜனமில்ல. டேபிள்ல ஒதுங்காது. தண்ணி இழுத்த பக்கம் போயிடும்."

வைத்தியலிங்கம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அரைச்சது..."

பாக்கியசீலி மூன்றாவது தட்டை விளக்குக்குக் கீழே தள்ளினார்.

திரும்பிப் போகும் குழாயிலிருந்து அவர் கையால் அள்ளி வந்த மண். தட்டு முழுக்க ஒளிர்ந்தது. முதல் தட்டில் எண்ணிவிடலாம் என்கிற மாதிரி இருந்த புள்ளிகள் இதில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி மணி. எதிலும் கல் ஒட்டியிருக்கவில்லை.

வைத்தியலிங்கம் வெகுநேரம் வெளியே வரவில்லை. கம்பளிக்குள்ளிருந்தே கேட்டார்.

"இதெல்லாம் சுத்தமாப் பிரிஞ்சு வந்த மணி மாதிரி இருக்கே?"

"ஆமா."

"டேபிளுக்குப் போக வேண்டியது."

"ஆமா."

"அப்புறம் ஏன் மறுபடி மில்லுக்குப் போகுது?"

"கனமா இருக்கறதால."

"புரியல."

"அந்தக் கூம்புக்குக் கண்ணு கிடையாது சார். கனமா ஒண்ணு வந்தா, இது பெரிய கல்லு, இன்னும் அரைபடலன்னு நினைச்சுக் கீழ தள்ளிடும். ஷீலைட் சின்ன மணியா இருந்தாலும் கனம். தேறின மணியைத்தான் அது முதல்ல திருப்பி அனுப்புது. மணி மில்லுக்குள்ள போய் அடி வாங்கி வெளிய வரும். இன்னும் கனமா இருக்கா, மறுபடி உள்ள போ. எத்தனை தடவைன்னு கணக்கு இல்ல. மாவாகிற வரைக்கும். மாவானப்புறம்தான் அதை விடும்."

வைத்தியலிங்கம் தலையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. வெளியே மில் ஓடும் சத்தம் கேட்டது. அன்றுவரை அவருக்கு அது தெம்பு தரும் சத்தம். அன்று உட்கார ஒரு இடம் தேடினார். பண்டக அறையில் நாற்காலி இல்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இன்னொரு மில்லுக்கு நான்தான் எழுதினேன்" என்றார்.

"தெரியும் சார்."

"வரப்போகுது."

பாக்கியசீலி விளக்கைப் பெட்டிக்குள் வைத்தார். அன்று காலையிலிருந்து வைத்தியலிங்கம் அவருக்கு மாணவர்தான். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு வைத்தியலிங்கம் டைரக்டருக்குப் போன் செய்தார்.

"சார், ரெண்டாவது மில்லு வேண்டாம். ஆர்டரை நிறுத்தச் சொல்லுங்க."

மறுமுனையில் டைரக்டர் நிதானமாகப் பேசினார். "ரெண்டு மாசம் முன்னாடி இதே போன்ல, மில்லு இல்லேன்னா ஆலை இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன் சார்."

"இப்போ?"

"நான் சொன்னது தப்பு சார்."

"நாங்க அனுப்பின அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. மூணு தட்டு கேட்டாங்க."

டைரக்டர் அதற்கு மேல் கோபப்படக்கூட முடியாமல் போனை வைத்துவிட்டார். மறுநாள் அனுமதி வந்தது. கெடு மட்டும் மாறவில்லை. தை மாதத்துக்குள் எழுபது.

வேலை தொடங்கியது. கூம்புகளைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் அதிரும் சல்லடைகளை வைப்பது என்று முடிவாயிற்று. சல்லடை கனத்தைப் பார்க்காது. கண்ணியில் நுழைகிறதா இல்லையா என்றுதான் பார்க்கும். நுழைந்தால் மேசைக்கு, நுழையாவிட்டால் மில்லுக்கு. இரண்டாவது மில்லுக்குத் தோண்டிய குழியை நிரப்பி அதன்மேல் சல்லடைகளுக்குத் தாங்கு மேடை கட்டினார்கள். மில்லைத் திறந்து குண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை வெளியே அள்ளிப் போட்டார்கள். அள்ளும்போது வைத்தியலிங்கம் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு குண்டும் உருண்டு விழுந்தபோது அவருக்கு என்னவோபோல் இருந்தது. மில்லின் வாயருகே, தண்ணீர் மேலும் கீழும் துடிக்கிற ஒரு சிறிய தொட்டியையும் பொருத்தினார்கள். பெரிய ஷீலைட் மணி வெளியே வந்ததும் அங்கேயே அடியில் தங்கிவிடும், அதற்குமேல் எங்கும் போக வேண்டாம்.

பாக்கியசீலி மாதத்தில் பத்து நாள் வந்து தங்கினார். வைத்தியலிங்கம் தினமும் ஏதாவது கேட்பார். அவர் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்து, "பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

டிசம்பர் தொடக்கத்தில் புதிய சல்லடைகளை ஓட்டினார்கள். முதல் வாரக் கணக்கு நாற்பத்தேழு.

பழைய ஐம்பத்தொன்றைவிடக் கீழே. மழை வேறு விடாமல் பெய்தது. சல்லடையின் கண்ணிகளை மண் அடைத்துக்கொண்டு, நுழைய வேண்டியதும் நுழையாமல் மில்லுக்கே திரும்பிப் போனது. ஆட்கள் மாற்றி மாற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பத்து நிமிடத்தில் மறுபடி அடைத்தது. டைரக்டர் கூப்பிட்டு, "பத்து நாள் பார்க்கிறேன்" என்றார்.

வைத்தியலிங்கம் சல்லடைக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். "கூம்பையே திருப்பி மாட்டிடலாமா மேடம்? அதுவாவது ஐம்பத்தொண்ணு குடுத்துச்சு."

"மாட்டணும்னா மாட்டலாம்" என்றார் பாக்கியசீலி.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குச் சல்லடை தெரியும். தண்ணி அவ்வளவு தெரியாது. தண்ணி தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டீங்களா?"

வைத்தியலிங்கம் திரும்பிப் பார்த்தார். மேசைப் பிரிவின் கூரைக்கடியில் சின்னபாப்பா நின்று சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

அவர் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. தானே நடந்து போனார்.

"சின்னபாப்பா, இது ஏன் அடைக்குது?"

கேட்டது தன்னைத்தானா என்று நிச்சயம் செய்துகொள்கிற மாதிரி சின்னபாப்பா பாக்கியசீலியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி தப்பான இடத்துல விழுதுங்க சார்."

"எங்க விழணும்?"

"இப்ப மேல, சரக்கு வந்து விழற இடத்துல பீச்சறாங்க. அங்க ஏற்கெனவே தண்ணியாத்தான் இருக்கு. அங்க ஊத்தி என்ன ஆகும்? பாதி தூரம் வந்ததும் தண்ணியெல்லாம் இறங்கிப்போய் மண்ணு இறுகுது பாருங்க. அந்த இடத்துல விழணும். இறுகின இடத்துல தண்ணி பட்டா மறுபடி இளகி ஓடும். அடைக்காது."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

சின்னபாப்பா மறுபடி பாக்கியசீலியைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி தெரிந்தது.

அன்று பிற்பகலே குழாய்களை நான்கடி கீழே இறக்கினார்கள். எங்கே இறக்க வேண்டும் என்று சின்னபாப்பா விரல் வைத்துக் காட்டினார். வெல்டர் சாக்பீஸால் குறித்துக்கொண்டான். மாலைக்குள் சல்லடை தெளிந்துவிட்டது.

அடுத்த வாரக் கணக்கு அறுபது. அதற்கடுத்த வாரம் அறுபத்தாறு. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு ஆய்வுக்கூடத்துப் பையன்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எழுபத்தொன்று. வைத்தியலிங்கம் நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் எழுபத்தொன்று. டைரக்டர் போனில், "சரி, ஓட்டுங்க" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

ஆலையில் பொங்கல் வைத்தார்கள். மேசைப் பிரிவுக்கு எதிரே மூன்று பானை. வைத்தியலிங்கம் எல்லோருக்கும் தன் கையால் கரும்பு கொடுத்தார். சின்னபாப்பாவின் முறை வந்தபோது, "சாப்பிட்டுட்டு ஆபீசுக்கு வாங்க" என்றார்.

சின்னபாப்பா வந்தார். இந்தத் தடவை வைத்தியலிங்கம் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"மேசைப் பிரிவும் சல்லடையும் சேர்த்து உங்க பொறுப்பு. சூப்பர்வைசர். இன்னைக்கே ஆர்டர் போடறேன்."

சின்னபாப்பா உட்காரவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் நின்னுக்கறேங்க சார்."

வைத்தியலிங்கத்துக்குப் புரியவில்லை. தாளைப் பிரித்துப் படித்தார். யாரோ நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத முடிவில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது.

"எங்க போறீங்க?"

"ஓசூர்ப் பக்கம். என் தம்பி ரோஜாத் தோட்டத்துல இருக்கான். பூவைத் தரம் பார்த்துக் கட்டற வேலை."

"இது எப்ப எடுத்த முடிவு?"

"மூணாந் தடவை ட்ரெயினிங் போய்ட்டு வந்தப்பவே எடுத்துட்டேங்க. அப்புறம் என்னமோ புதுசாப் போடறாங்களே, அது ஓடறதைப் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"எம்மேல கோபமா?"

"இல்லீங்க சார். கோபம் இருந்திருந்தா சண்டை போட்டுட்டு இங்கயே இருந்திருப்பேன்."

வைத்தியலிங்கம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் தப்பாப் பார்த்துட்டேன், சின்னபாப்பா. மேசைல எந்தத் தப்பும் இல்ல. உங்க கைல எந்தத் தப்பும் இல்ல. இப்ப எல்லாருக்கும் தெரியும். பலகைல எழுதி வைக்கச் சொல்றேன். இருங்க."

சின்னபாப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"முன்னெல்லாம் கோடு நகர்ந்தா கை தன்னால போகும் சார். இப்பப் போக மாட்டேங்குது. போறதுக்கு முன்னாடி, சரியா, தப்பான்னு ஒரு யோசனை வருது. அந்த ஹால்ல வரிசைல நிக்கும்போது வந்துச்சு அது. போகும் போகும்னு பார்த்தேன். போகல. பூவுன்னா அந்த யோசனை வராதுன்னு தோணுது."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். வைத்தியலிங்கம் தடுக்கவில்லை. சன்னல் வழியே பார்த்தபோது அவர் பானை கழுவிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

மாத முடிவில் சின்னபாப்பா போனார். இரண்டு நாள் கழித்துப் பாக்கியசீலியும் கிளம்பினார். அவர் வேலை முடிந்துவிட்டது. ஓரிசாவில் வேறொரு ஆலை கூப்பிட்டிருந்தது. வைத்தியலிங்கம் தன் வண்டியில் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். காலை ஒன்பது மணி. பேருந்து வரவில்லை. இரண்டு பேரும் புளியமரத்தடியில் நின்றார்கள்.

வைத்தியலிங்கம் கேட்டார்.

"மேடம், போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நான் அந்தம்மாவைத் திட்டினது இல்ல. ஒரு நாள் சம்பளம் பிடிச்சது இல்ல. மெமோ குடுத்தது இல்ல. கத்துக்கிட்டு வாங்கன்னுதான் அனுப்பினேன். நல்லதுக்குத்தான் அனுப்பினேன். மூணு தடவையும் பாஸ் பண்ணிட்டுத்தான் வந்தாங்க. இதுல நான் செஞ்ச தப்பு எது?"

பாக்கியசீலி பெட்டியைக் கீழே வைத்தார்.

"முதல் தடவை பாஸ் பண்ணினாங்களா?"

"பண்ணினாங்க. தொண்ணூத்தாறு."

"மூணாவது தடவை?"

"எண்பத்து ரெண்டு."

சொன்ன பிறகுதான் அந்த எண் வைத்தியலிங்கத்தின் காதில் விழுந்தது. அதுவரை அவர் பாஸா பெயிலா என்பதை மட்டுமே பார்த்திருந்தார்.

வளைவில் பேருந்து தெரிந்தது. பாக்கியசீலி பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"தொண்ணூத்தாறு வாங்கினவங்களை எதுக்கு சார் திருப்பி அனுப்பினீங்க?"

பேருந்து வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார். நடத்துநர் விசில் கொடுத்தார். வைத்தியலிங்கம் வண்டியை ஆலைப் பக்கம் திருப்பினார்.